மாரியோ பெட்ரோசா

மாரியோ பெட்ரோசா (ஏப்ரல் 25, 1900 - நவம்பர் 5, 1981) பிரேசில் நாட்டைச் சேர்ந்த கலைத் திறனாய்வாளர், இதழாளர், இடதுசாரி அரசியற் செயற்பாட்டாளர் ஆவார். இருபதாம் நூற்றாண்டில் இலத்தீன் அமெரிக்கா தந்த கலைத் திறனாய்வாளர்களுள் முதன்மையானவர்களில் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார். பிரேசில் கலைத் திறனாய்வாளர் சங்கத்தின் தொடக்கக் காலம் முதல் அதில் பங்குகொண்ட இவர், பின்னாளில் அதன் தலைவராகவும், பன்னாட்டுக் கலைத் திறனாய்வாளர் சங்கத்தின் துணைத் தலைவராகவும் விளங்கினார். சர்வாதிகார ஆட்சிகளின் காரணமாக இருமுறை தாய்நாட்டை விட்டு வெளியேறினார். இரண்டாம் முறை தமக்கு அடைக்கலம் தந்த சிலி நாட்டிலிருந்தும் மற்றொரு இராணுவப் புரட்சியால் துரத்தப்பட்டார்.

பிறப்பும் கல்வியும்

பிரேசிலின் வடகிழக்கில் உள்ள பெர்னாம்புகோ மாநிலத்தின் திம்பாவ்பா என்னும் ஊரில், கரும்புத் தோட்ட உடைமையாளர் குடும்பம் ஒன்றில் பெட்ரோசா பிறந்தார். தந்தை பெட்ரோ டா குன்யா பெட்ரோசா, அண்டை மாநிலமான பராயிபாவிலிருந்து செனட் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல்வாதி. அக்காலத்து வசதி படைத்த குடும்பங்களின் வழக்கப்படி, சிறுவனாக இருக்கும்போதே இவர் ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பப்பட்டார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பள்ளிக் கல்வி பெற்றார். முதல் உலகப் போரின் நடுவே நாடு திரும்பி, ரியோ டி ஜனேரோவில் சட்டம் பயின்று 1923 இல் பட்டம் பெற்றார். ஆனால் வழக்கறிஞர் தொழில் இவரை ஈர்க்கவில்லை. மாணவப் பருவத்திலேயே மார்க்சிய நூல்களும் இசையும் இலக்கியமும் இவரது நாட்டமாயின.

அரசியல் ஈடுபாடு

1926 இல் பிரேசில் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். கட்சி இவரை 1927 இல் மாஸ்கோவின் லெனின் பள்ளிக்கு அனுப்பியது. வழியில் பெர்லினில் நோய்வாய்ப்பட்டு அங்கேயே தங்க நேர்ந்தது. இந்தத் தடங்கல் இவரது வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது எனலாம். பெர்லின் பல்கலைக்கழகத்தில் மெய்யியல், சமூகவியல், அழகியல் ஆகிய பாடங்களைக் கேட்டார். சோவியத் கட்சிக்குள் ஸ்டாலினுக்கு எதிராக எழுந்த இடது எதிரணியின் கருத்துகளையும் இங்குதான் அறிந்தார். மாஸ்கோவுக்குச் செல்லாமலே 1929 இல் பிரேசில் திரும்பினார்.

இவரது மனைவி மேரி ஊஸ்டன். மேரியின் தமக்கை எல்சி ஊஸ்டன் புகழ்பெற்ற பாடகி. பிரெஞ்சு மிகையதார்த்தவாதக் கவிஞர் பெஞ்சமின் பெரே அவரை மணந்திருந்தார். இவ்வுறவின் வழியே பாரிசு மிகையதார்த்தவாதிகளின் வட்டத்துடன் பெட்ரோசாவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அரசியலையும் கலையையும் வெவ்வேறாகக் காணாத இவரது மனப்போக்குக்கு இப்பழக்கமும் ஒரு காரணமாகும்.

நாடு திரும்பிய பின் லிவியோ சேவியர் முதலியோருடன் சேர்ந்து பிரேசிலின் முதல் டிராட்ஸ்கியக் குழுக்களை அமைத்தார். 1934 அக்டோபர் 7 ஆம் நாள், பாசிசச் சார்புடைய இன்டெகிரலிஸ்டுகள் சாவோ பாவுலோ நகரின் சே சதுக்கத்தில் பேரணி நடத்த முயன்றபோது இடதுசாரி அமைப்புகள் ஒன்றுகூடி அதனை எதிர்த்தன. அம்மோதலில் பெட்ரோசா துப்பாக்கிக் குண்டால் காயமடைந்தார். 1937 இல் கெட்டூலியோ வர்காசு தம் சர்வாதிகார ஆட்சியை நிறுவியதும் இவர் பாரிசுக்குச் சென்றார். 1938 இல் பாரிசு அருகே நடந்த நான்காம் அகிலத்தின் தொடக்க மாநாட்டில், லெப்ரான் என்ற புனைபெயருடன் கலந்துகொண்டு அதன் செயற்குழுவிலும் இடம்பெற்றார். ஆனால் இப்பொறுப்பு நீடிக்கவில்லை. போர் வரும் சூழலில் சோவியத் ஒன்றியத்தை நிபந்தனையின்றிப் பாதுகாக்க வேண்டுமா என்ற வினாவில் 1940 இல் டிராட்ஸ்கியுடன் கருத்து வேறுபட்டார். போர்க்காலம் முழுவதும் பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் கழிந்தது. 1945 இல் நாடு திரும்பி வங்குவார்டா சோசியலிஸ்டா என்ற இதழை நடத்தினார். ஸ்டாலினியத்தை ஏற்காத சமவுடைமைக் கருத்துகளுக்கும், சிறப்பாக ரோசா லக்சம்பர்க்கின் எழுத்துகளுக்கும் இவ்விதழ் இடமளித்தது.

திறனாய்வுத் துறையில்

பெட்ரோசாவின் முதல் குறிப்பிடத்தக்க கலைத் திறனாய்வு, 1933 இல் சாவோ பாவுலோவின் நவீன கலைஞர் மன்றத்தில் ஆற்றிய உரையாகும். செருமானிய அச்சோவியர் கேதே கோல்விட்சின் படைப்புகளே அதன் பொருள். உழைக்கும் மக்களின் துயரைக் கரிய கோடுகளில் தீட்டிய அக்கலைஞரை முன்வைத்து, கலைக்கும் வகுப்புப் போராட்டத்துக்கும் உள்ள உறவை இவர் விளக்கினார். இவ்வுரையை மட்டும் படிப்பவர், பெட்ரோசா இறுதிவரை பரப்புரைக் கலையையே போற்றியிருப்பார் என்று எண்ணக்கூடும். நடந்தது வேறு.

அமெரிக்காவில் வாழ்ந்தபோது, வாசிங்டனில் உள்ள காங்கிரசு நூலகத்துக்காக பிரேசில் ஓவியர் காந்திதோ போர்ட்டினாரி தீட்டிய சுவரோவியங்களைப் பற்றி 1942 இல் விரிவாக எழுதினார். அடுத்து அலெக்சாண்டர் கால்டரின் படைப்புகள் இவரைக் கவர்ந்தன. கம்பியில் தொங்கிக் காற்றில் மெல்ல அசையும் தகடுகள் எந்தக் கதையையும் சொல்வதில்லை, எந்த முழக்கத்தையும் எழுப்புவதில்லை. ஆயினும் பார்ப்பவரின் உணர்வை அவை புதுக்குகின்றன என்று இவர் கண்டார். மனிதர் உலகைக் காணும் முறையே மாறவேண்டும், அம்மாற்றத்தைக் கருத்துப் பரப்புரையைவிட வடிவமே ஆழமாக நிகழ்த்தும் என்பது அதுமுதல் இவரது நிலைப்பாடு ஆயிற்று. கால்டருடன் இவருக்கு ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

நாடு திரும்பியதும் கொரெய்யோ ட மன்யா நாளிதழில் கலைப் பத்தி எழுதத் தொடங்கினார். 1957 முதல் ஜோர்னல் டூ பிரேசில் நாளிதழில் எழுதினார். அக்காலப் பிரேசிலில் மக்களின் வாழ்வை உருவங்களாகத் தீட்டும் ஓவியமே முற்போக்கானது என்ற கருத்து இடதுசாரிகளிடையே வலுவாக இருந்தது. அரூப ஓவியத்தை ஆதரித்த பெட்ரோசாவை, பழைய தோழர்கள் பலர் கொள்கையைக் கைவிட்டவராகவே கண்டனர். அவரோ, கலைஞனுக்குக் கட்டளையிடும் சமவுடைமை சமவுடைமையே அன்று என்று கருதினார்.

1949 இல் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றின் பேராசிரியப் பதவிக்காக, கலைப் படைப்பில் வடிவத்தின் உணர்வுத் தன்மை என்ற பொருளில் ஆய்வேடு எழுதினார். பகுதிகளைக் கூட்டி முழுமையை அறிவதில்லை, முழுமையே முதலில் நம் புலனுக்கு எட்டுகிறது என்னும் கெஸ்டால்ட் உளவியலின் கோட்பாட்டைக் கலைக்குப் பொருத்திப் பார்த்த தொடக்கக்கால ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. ஒரு கோடோ வண்ணமோ எதையும் குறிக்காமலே மகிழ்ச்சியையோ அச்சத்தையோ எழுப்பவல்லது என்பது இதன் மையக் கருத்து. இந்த ஆய்வேடு முழுமையாக நூலாக வெளிவர முப்பது ஆண்டுகள் ஆயின.

மனநல மருத்துவமனை ஓவியங்கள்

இக்கோட்பாட்டுக்கு உயிர் தந்தது நூலகம் அன்று, ஒரு மனநல மருத்துவமனை. ரியோவின் புறநகரான எஞ்ஞேனோ டி டென்ட்ரோவில் மருத்துவர் நிசே ட சில்வேரா 1946 இல் நோயாளிகளுக்காக ஓவியக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். மின்னதிர்ச்சி, மூளை அறுவை போன்ற அக்கால மருத்துவ முறைகளை ஏற்க மறுத்தவர் இவர். இடதுசாரித் தொடர்பால் முன்னர் சிறையிலும் இருந்தவர். ஓவியக்கூடத்தை இளம் ஓவியர் அல்மிர் மவிக்னியே கவனித்துவந்தார். பல்லாண்டுகள் பேச்சற்றுக் கிடந்த நோயாளிகள் அங்கே தூரிகையைத் தொட்டதும் வியக்கத்தக்க ஓவியங்களைத் தீட்டினர். எமிஜியோ டி பாரோசு, ரஃபேல் டொமிங்கெசு ஆகியோர் அவர்களுள் புகழ்பெற்றவர்கள்.

1947 இல் இவ்வோவியங்கள் ரியோவில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது இதழ்களில் கடும் விவாதம் மூண்டது. அறிவு தெளியாதவர் தீட்டுவது கலையாகுமா என்று சில திறனாய்வாளர்கள் வினவினர். கலை என்பது பயிற்சி பெற்ற சிலருக்கு மட்டும் உரிய திறமை அன்று, உண்பதும் உறங்குவதும் போல மனிதர் அனைவருக்கும் உரிய தேவை என்று பெட்ரோசா விடையிறுத்தார். குழந்தைகள், மனநோயாளிகள், பள்ளிசாராக் கலைஞர்கள் ஆகியோரின் படைப்புகளைக் கன்னிக் கலை என்று பெயரிட்டு அழைத்தார். 1949 இல் ஒன்பது நோயாளிகளின் ஓவியங்கள் சாவோ பாவுலோ நவீன கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 1952 இல் மருத்துவமனையிலேயே அடிமனப் படிமங்களின் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது.

இதன் தாக்கம் மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை. ஓவியர் அப்ரகாம் பாலத்னிக் இந்நோயாளிகளின் படைப்புகளைக் கண்டபின், தாம் கற்ற ஓவியம் பொருளற்றது என உணர்ந்து தூரிகையைக் கைவிட்டார். பெட்ரோசாவின் ஊக்கத்தால் விளக்குகளையும் மின்பொறிகளையும் கொண்டு வண்ண ஒளி அசையும் கருவியைச் செய்தார். 1951 இல் நடந்த முதல் சாவோ பாவுலோ ஈராண்டுக் கலைக்காட்சியில், ஓவியமும் அன்று சிற்பமும் அன்று என்பதால் இதனை எவ்வகையில் சேர்ப்பது என்று நடுவர்கள் திகைத்தனர். இவான் செர்ப்பா, லிஜியா கிளார்க், லிஜியா பாப்பே, எலியோ ஒயிட்டிசிக்கா எனப் பின்னாளில் உலகறிந்த கலைஞர்கள் பலரும் பெட்ரோசாவின் வட்டத்தில் வளர்ந்தவர்களே.

திறனாய்வாளர் சங்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், யுனெஸ்கோவின் ஆதரவில் 1948 இலும் 1949 இலும் பாரிசில் கலைத் திறனாய்வாளர் மாநாடுகள் நடந்தன. இவற்றின் பயனாக 1950 இல் பன்னாட்டுக் கலைத் திறனாய்வாளர் சங்கம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியப் பிரிவு, அவற்றை இணைக்கும் பொதுப்பேரவை என்பது இதன் அமைப்பு முறை. பிரேசில் கலைத் திறனாய்வாளர் சங்கம் 1949 இலேயே தோன்றிவிட்டது. கவிஞரும் திறனாய்வாளருமான செர்ஜியோ மிலியே இதன் முதல் தலைவர்.

நாளிதழில் கலைப் பத்தி எழுதுவோருக்குச் சங்கம் எதற்கு என்ற ஐயம் எழலாம். அக்காலப் பிரேசிலில் கலை பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை இருந்தது. கவிஞர்களும் சமுதாயச் செய்தி எழுதுவோரும் ஓய்வு நேரத்தில் ஓவியக் காட்சிகளைப் பாராட்டிவந்தனர். மறுபுறம் புதிய அருங்காட்சியகங்களும், 1951 முதல் ஈராண்டுக் கலைக்காட்சியும், அரசு ஓவியப் போட்டிகளும் பெருகின. இவற்றில் யாரைத் தெரிவு செய்வது, யாருக்குப் பரிசளிப்பது என்பதைத் தீர்மானிக்கும் நடுவர் குழுக்கள் தேவைப்பட்டன. திறனாய்வைத் தனித் தொழிலாக நிலைநாட்டுதல், அதற்குரிய ஒழுக்க நெறியை வகுத்தல், வெளிநாட்டுத் திறனாய்வாளருடன் தொடர்பை வளர்த்தல், கருத்துரிமையைக் காத்தல் ஆகியவை இத்தகைய சங்கங்களின் நோக்கங்களாக இருந்தன. இவற்றுள் இறுதி நோக்கம் நெடுங்காலம் ஏட்டளவில் இருந்தது. அது சோதனைக்குள்ளான காலத்தில் பிரேசில் சங்கத்தின் தலைமையில் இருந்தவர் பெட்ரோசா.

பிரேசிலியா மாநாடு

1957 இல் பெட்ரோசா பன்னாட்டுச் சங்கத்தின் துணைத் தலைவரானார். 1958 இல் யுனெஸ்கோ உதவித்தொகை பெற்று சப்பான் சென்று, அந்நாட்டுக் கலைக்கும் மேற்கத்தியக் கலைக்கும் உள்ள தொடர்புகளை ஆராய்ந்தார். திரும்பியதும் இவர் ஏற்பாடு செய்த சிறப்பு மாநாடு, பன்னாட்டுச் சங்கத்தின் வரலாற்றில் தனியிடம் பெற்றது.

1959 செப்டம்பர் 17 முதல் 25 வரை நடந்த இம்மாநாடு, இன்னும் கட்டி முடிக்கப்படாத பிரேசிலியா நகரில் தொடங்கி, சாவோ பாவுலோ வழியாக ரியோவில் நிறைவுற்றது. புதிய நகரமும் கலைகளின் ஒருங்கிணைப்பும் என்பது பொருள். லூசியோ கோஸ்டா வரைந்த நகரத் திட்டமும், ஆஸ்கார் நீமெயர் வடிவமைத்த கட்டடங்களும் செம்மண் புழுதியின் நடுவே எழுந்துகொண்டிருந்தன. இத்தாலியின் சூலியோ கார்லோ ஆர்கன், புரூனோ செவி, அமெரிக்காவின் மேயர் சபீரோ, கட்டடக் கலைஞர்களான ரிச்சர்டு நியூட்ரா, ஈரோ சாரினென் முதலியோர் வந்திருந்தனர். விருந்தினர் அனைவரும் புகழ்மாலை சூட்டிச் சென்றுவிடவில்லை. குறிப்பாகச் செவி இந்நகரத் திட்டத்தைக் கடுமையாகக் குறைகூறினார்.

பெட்ரோசாவின் நிலையும் இருபக்கம் கொண்டது. ஓவியம், சிற்பம், கட்டடம் யாவும் ஒரு பொது நோக்கத்துக்காக ஒன்றிணையும் வாய்ப்பு இப்புதிய நகரில் உண்டு என நம்பினார். அதேவேளையில், மக்கள் வாழும் கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் அமைந்த தலைநகரம் மக்களின் கண்காணிப்புக்கு எட்டாத அதிகார வகுப்பை வளர்த்துவிடக்கூடும் என்று, கட்டுமானம் தொடங்கிய காலத்திலேயே எச்சரித்திருந்தார். நகரம் 1960 ஏப்ரல் 21 இல் தலைநகரானது. நான்கே ஆண்டுகளில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி அங்கேயே அமர்ந்தது. இந்த எச்சரிக்கையை இன்று படிக்கையில் வியப்பே மேலிடுகிறது.

1961 இல் ஆறாம் சாவோ பாவுலோ ஈராண்டுக் கலைக்காட்சியின் பொறுப்பு இவரிடம் வந்தது. புதுமைக் கலையோடு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் மரப்பட்டை ஓவியங்கள், சப்பானிய எழுத்தணிக் கலை, பராகுவேயின் குவரானி மக்கள் செதுக்கிய சமயச் சிற்பங்கள் ஆகியவற்றையும் இவர் காட்சிக்கு வைத்தார்.

தணிக்கையும் புறக்கணிப்பும்

1964 மார்ச் இறுதியில் தொடங்கிய இராணுவ ஆட்சி, 1968 டிசம்பர் 13 இல் பிறப்பித்த ஐந்தாம் நிறுவனச் சட்டத்தின் வழியாக எஞ்சியிருந்த உரிமைகளையும் பறித்தது. 1969 மே மாதம், பாரிசு இளங்கலைஞர் ஈராண்டுக் காட்சிக்கு அனுப்பப்பட வேண்டிய பிரேசில் படைப்புகள் ரியோ நவீன கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தன. திறப்புக்குச் சற்று முன்னர் இராணுவத்தினர் அக்காட்சியை மூடிவிட்டனர்.

படைப்புகளைத் தெரிவு செய்தவர்கள் கலைத்துறையினர், விலக்கியவர்களோ படைவீரர்கள். திறனாய்வாளரின் தீர்ப்புக்கு இனி என்ன பொருள் என்ற வினா எழுந்தது. பெட்ரோசாவின் தலைமையில் பிரேசில் சங்கம் வெளிப்படையாகக் கண்டனம் தெரிவித்தது. அரசு நடத்தும் காட்சிகளின் நடுவர் குழுக்களில் உறுப்பினர்கள் பங்கேற்க வேண்டா என்றும் கேட்டுக்கொண்டது. பாரிசில் கூடிய கலைஞர்களும் திறனாய்வாளர்களும் அவ்வாண்டின் பத்தாம் சாவோ பாவுலோ ஈராண்டுக் காட்சியைப் புறக்கணிக்க முடிவு செய்தனர். பல நாட்டுக் கலைஞர்கள் விலகிக்கொண்டனர். தாம் தொடக்கம் முதல் வளர்த்த ஒரு நிறுவனத்தை, அதன் பெயர் ஒடுக்குமுறைக்குத் திரையாகிவிடக் கூடாது என்பதற்காகத் தாமே முடக்க முன்வந்தது பெட்ரோசாவுக்கு எளிதாக இருந்திருக்காது.

1970 இல், அரசியற் கைதிகள் வதைக்கப்படுவது பற்றிய செய்திகளை வெளிநாடுகளுக்கு அனுப்பினார் என்று தேசப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. எழுபது வயதில் ரியோவில் உள்ள சிலி தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். பிக்காசோ, கால்டர், ஹென்றி மூர் உள்ளிட்ட கலைஞர்கள், இவருடைய பாதுகாப்புக்கு அரசே பொறுப்பு என்று பிரேசில் அதிபருக்குத் திறந்த மடல் எழுதினர். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின் இவர் சிலிக்குச் செல்ல முடிந்தது.

சிலியில்

சிலியில் அப்போது சல்வதோர் அயேந்தே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். பெட்ரோசா சிலி பல்கலைக்கழகத்தின் இலத்தீன் அமெரிக்கக் கலை நிறுவனத்தில் பணியாற்றினார். அயேந்தேயின் ஆட்சிக்கு ஆதரவாக உலகக் கலைஞர்கள் தம் படைப்புகளைச் சிலி மக்களுக்கு நன்கொடையாக அளித்து அருங்காட்சியகம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் 1971 இல் பிறந்தது. அதற்கான பன்னாட்டுக் குழுவின் தலைமை இவருக்குக் கிடைத்தது.

பணமோ பெரிய அலுவலகமோ இல்லாத இவ்வேலைக்கு, திறனாய்வாளர் சங்கத்தில் பல்லாண்டுகளாக ஏற்பட்ட நட்புகளே முதலீடு. ஆர்கன், பிரித்தானியாவின் ரோலண்டு பென்ரோசு, அமெரிக்காவின் டோர் ஆஷ்டன் முதலிய திறனாய்வாளர்கள் தத்தம் நாட்டுக் கலைஞர்களிடம் பேசினர். பெட்ரோசா இடைவிடாது மடல்கள் எழுதினார். மிரோ சேவல் ஒன்றைத் தீட்டி அனுப்பினார். கால்டர், வசரேலி, பிராங்க் ஸ்டெல்லா ஆகியோரின் படைப்புகளும் வந்தன. ஒற்றுமை அருங்காட்சியகம் என்ற பெயரில் முதற்காட்சி 1972 மே 17 இல் சந்தியாகோ நகரில் அயேந்தேயின் முன்னிலையில் திறக்கப்பட்டது. விலைக்கு வாங்காமல், அரசர்களோ செல்வர்களோ சேர்க்காமல், கலைஞர்களின் கொடையால் மட்டுமே உருவான அருங்காட்சியகம் இது.

1973 செப்டம்பர் 11 இல் பினோசே தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. பெட்ரோசா மெக்சிகோ தூதரகத்தில் தஞ்சம் அடைந்து, மெக்சிகோ வழியாகப் பாரிசு சேர்ந்தார். சிலியில் இருந்த படைப்புகள் கிடங்குகளில் முடங்கின. சில காணாமற் போயின. பின்னர்ப் பாரிசிலிருந்து நண்பர்களுடன் சேர்ந்து, அயேந்தேயின் பெயரால் நாடுகடந்த எதிர்ப்பு அருங்காட்சியகமாக இம்முயற்சி மீண்டும் தொடங்கப்பட்டது. புதிய கொடைகள் பல நாடுகளில் திரட்டப்பட்டன. சிலியில் மக்களாட்சி மீண்டபின் 1991 இல் இருதொகுப்புகளும் இணைந்து சல்வதோர் அயேந்தே ஒற்றுமை அருங்காட்சியகம் ஆயின. அதனைக் காண பெட்ரோசா உயிருடன் இல்லை.

இறுதிக் காலம்

கைதாணை விலக்கப்பட்டதை அடுத்து 1977 இல் நாடு திரும்பினார். பிரேசில் பழங்குடியினரின் கலையைப் பற்றிய பெருங்காட்சி ஒன்றை லிஜியா பாப்பேயுடன் திட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, 1978 சூலை 8 இல் ரியோ நவீன கலை அருங்காட்சியகம் தீக்கிரையானது. தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது, காட்சியும் நின்றுபோனது. அருங்காட்சியகத்தை முன்பிருந்தபடி மீட்டெழுப்புவதைவிட, புதியதொன்றைத் தொடங்கலாம் என்று பெட்ரோசா முன்மொழிந்தார். மூலங்களின் அருங்காட்சியகம் என்று அதற்குப் பெயரிட்டார். பழங்குடியினர் கலை, அடிமன ஓவியங்கள், நவீன கலை, கறுப்பினத்தவர் கலை, நாட்டார் கலை என ஐந்தும் ஒரே வளாகத்தில் சம உரிமையுடன் இடம்பெற வேண்டும் என்பது திட்டம். இது நிறைவேறவில்லை. ஆனால் பழங்குடியினரின் படைப்புகள் மானிடவியல் கூடங்களுக்கு மட்டுமே உரியனவா என்ற விவாதத்தில் இத்திட்டம் அடிக்கடி நினைவுகூரப்படுகிறது.

தொழிற்சங்கத் தலைவராக எழுந்துவந்த லூலாவின் இயக்கத்தில் இவர் நம்பிக்கை கொண்டார். 1980 பெப்ரவரி 10 இல் சாவோ பாவுலோவில் தொழிலாளர் கட்சி தொடங்கப்பட்டபோது முதலாவதாகக் கையொப்பமிட்டவர் பெட்ரோசாவே. மறு ஆண்டு நவம்பர் 5 இல் ரியோ டி ஜனேரோவில் காலமானார். இவருடைய மகள் வேரா பெட்ரோசா கவிஞராகவும் தூதுவராகவும் பணியாற்றியவர்.

நூல்கள்

நாளிதழ்க் கட்டுரைகளே பெட்ரோசாவின் எழுத்தில் பெரும்பகுதி. அவற்றிலிருந்து தொகுக்கப்பட்டவற்றுள் வாழ்வின் தேவையாகிய கலை (1949), கலையின் பரிமாணங்கள் (1964), நெருக்கடியில் உலகம், மனிதன், கலை (1975) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1966 இல் பிரேசில் அரசியல், பொருளாதாரம் பற்றி இரு பெருநூல்களை வெளியிட்டார். அதே ஆண்டில் ஒயிட்டிசிக்காவைப் பற்றி எழுதிய கட்டுரையில் பின்நவீனத்துவக் கலை என்ற சொல்லைக் கையாண்டார். அச்சொல் மேலைநாட்டுக் கலை உலகில் பரவலானது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே.

போர்த்துகேய மொழியில் எழுதியதால் நெடுங்காலம் இவரது பெயர் பிற நாடுகளில் அதிகம் அறியப்படவில்லை. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2015 இல் இவருடைய கட்டுரைகளின் ஆங்கிலத் தொகுதியை வெளியிட்டது. 2017 இல் மத்ரித் நகரின் ரெய்னா சோபியா அருங்காட்சியகம் இவரது வாழ்வையும் கருத்துகளையும் மையமாகக் கொண்டு காட்சி நடத்தியது. பிரேசில் கலைத் திறனாய்வாளர் சங்கம் வழங்கும் விருதுகளுள் தற்காலக் கலைஞருக்கான விருது மாரியோ பெட்ரோசாவின் பெயரைத் தாங்கியுள்ளது.